ஆக்சில் கிடைச்சிடும், யூ-போல்ட்டுக்குத்தான் அலையணும்

இந்த எபிசோடு முழுக்கப் பின் ஆக்சில்தான்.

சின்னசேலத்துல ஒரு நண்பர் பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் வச்சிருக்கார். மரவள்ளி சீசன்ல கிழங்கு ஏத்துவார். மத்த நாள்ல கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு லோடு போகும். பின் ஹவுசிங் விரிசல் விட்டுடுச்சு. வேற வண்டியோட ஆக்சில் ஒண்ணு நல்ல நிலையில கிடைச்சிருக்கு. "அதை உட்கார வைக்கிற யூ-போல்ட், பிளேட், சீட் எல்லாம் எங்கே கிடைக்கும்? எந்தக் கடையிலயும் இல்லைங்கறாங்க" என்று கேட்டார்.

கடைக்காரர் சொல்றது சரிதான். கவுண்டர்ல முதல்ல "எந்த வண்டிக்கு?" என்றுதான் கேட்பாங்க. அதுக்கு உங்ககிட்ட பதில் கிடையாது. பட்டைக் கட்டு உங்க வண்டியோடது, ஆக்சில் குழாய் இன்னொரு வண்டியோடது. இரண்டையும் சேர்த்துக் கட்டுற யூ-போல்ட் எந்த வண்டிக்கும் சொந்தமில்லை. அதனால வண்டி பேரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, அளவைச் சொல்லிக் கேட்கணும்.

அளவெடுக்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு ஒண்ணு பாருங்க: பட்டை ஆக்சிலுக்கு மேலே போகுதா, கீழே போகுதா? வில்லிஸ் வழி வந்த சி.ஜே. ஜீப்புகள்ல பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். லாரியில மேலே. மேலே பட்டை வர்ற வண்டியில கழட்டின ஆக்சில்ல சீட்டும் மேல்பக்கம்தான் வெல்டு ஆகியிருக்கும். ஆக்சிலையே தலைகீழாப் புரட்டிப் போட்டா ஆச்சேன்னு சிலர் நினைப்பாங்க. அப்படிப் போட்டா முதல் கியர்ல வண்டி பின்னாடி போகும்! பழைய சீட்டை அறுத்தெடுத்துட்டுப் புதுசா வைக்கறதுதான் வழி.

இப்போ யூ-போல்ட். நாலு வேணும். குழாயோட வெளி விட்டம், கம்பி கனம், காலோட நீளம், இந்த மூணையும் வெர்னியர் வச்சு எடுங்க. குழாய்க்கு வளைவு வட்டமா இருக்கணும். சதுர வளைவு இங்கே உதவாது. கால் நீளத்துக்கு ஒரு உதாரணக் கணக்கு: குழாய் 70 மி.மீ., சீட் 8, பட்டைக் கட்டு 45, அடிப் பிளேட் 10, வாஷரும் நட்டும் 16, நட்டுக்கு வெளியே நிற்கிற மரை 12. கூட்டினா 161 மி.மீ. வளைவோட உள்பக்கத்துல இருந்து கால் நுனி வரைக்கும் இந்த நீளம் வேணும். உங்க வண்டி அளவு வேறயா இருக்கும், கணக்கு இதேதான்.

அடிப் பிளேட்டோட துளையும் இதுல இருந்தே வந்துடும். ஒரே யூ-போல்ட்டோட இரண்டு காலுக்கு நடுவுல, குழாய் விட்டத்தோட கம்பி கனத்தைக் கூட்டுங்க: 70-ம் 12-ம் 82. குறுக்கே, பட்டை அகலத்தோட கம்பி கனமும், ஒண்ணு ரெண்டு மி.மீ. இடைவெளியும். பழைய ஜீப் பட்டை 1¾ அங்குலம், அதாவது 44½ மி.மீ. பக்கம். பிளேட்டை உள்ளூர் லேத் பட்டறையிலேயே துளை போட்டு வாங்கிடலாம். அதுக்காகச் சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போக வேண்டாம். அங்கே ஆக்சிலைத் தேடிப் போங்க, அது நியாயம்.

யூ-போல்ட்டை மட்டும் ஸ்பிரிங் பட்டறையில சொல்லிச் செய்யணும். ஆத்தூர் தாண்டி சேலம், இல்லேன்னா நாமக்கல். லாரித் தொழில் இருக்கிற ஊர்ல இது அன்றாட வேலை. சாதாரண கட்டடக் கம்பியை கேஸ்ல பழுக்கக் காய்ச்சி வளைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. 8.8 தரத்துக்குக் குறையாத இரும்பு கேளுங்க. கழட்டின பழைய யூ-போல்ட்டையும் திரும்பப் போடாதீங்க. ஒரு தடவை இறுகினது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது.

இதுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஆக்சிலைப் பிடிச்சு நிறுத்தறது யூ-போல்ட்டோட இறுக்கம்தான். நடுவுல இருக்கிற சென்டர் போல்ட் இடம் காட்ட மட்டும். அதோட தலை சீட்டுத் துளையில ஆட்டம் இல்லாம உட்காரணும். யூ-போல்ட் தளர்ந்தா மொத்த இழுப்பும் சென்டர் போல்ட்டுக்கு வரும், அது வெட்டிக்கும். ஒரு பக்கம் ஆக்சில் பின்னுக்கு நகரும். பிரேக் ஓஸ் இழுபடும், புரொப்பல்லர் ஷாஃப்ட் கழண்டு விழலாம். வெள்ளிமலையில இருந்து லோடோட இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுல, இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டை முதல்ல புள்ளி வெல்டு மட்டும் வையுங்க. வண்டியைத் தரையில இறக்கி, எடை முழுக்கப் பட்டை மேல வந்த பிறகு பினியன் கோணத்தைப் பாருங்க. இரண்டு ஜாயின்ட் ஷாஃப்டுல கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பினியனும் இணையா இருக்கணும். லோடுல பட்டை முறுக்கும்ங்கறதால பினியன் மூக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி தாழ்வா இருந்தா நல்லது. அப்புறம் முழு வெல்டு. ஒரே இடத்துல தொடர்ந்து ஓட்டாம, கொஞ்சம் வச்சு ஆறவிட்டு, அடுத்த பக்கம். இல்லேன்னா குழாய் வளையும், ஆக்சில் தண்டு பேரிங்கைத் தின்னுடும்.

நட்டை நாலு மூலையும் மாத்தி மாத்தி இறுக்கணும். லோடு ஓட்டி 500 கி.மீ. ஆனதும் மறுபடி இறுக்கம் பாருங்க.

கடைசியா பேப்பர். எஃப்.சி.ன்னு சொன்னா நம்ம ஊர்ல தகுதிச் சான்று. பழைய ஜீப் பிரியர்களுக்கு அது வில்லிஸ் எஃப்.சி. 150 பிக்கப். நான் சொல்றது முதல் எஃப்.சி.! மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வந்த வின்டேஜ் பதிவும் மூல வடிவத்துல இருந்தால்தான். அந்தப் பதிவு வாங்கிட்டா வாடகை லோடும் ஏத்த முடியாது. அதனால அதே மாடல் ஹவுசிங் கிடைக்குதான்னு முதல்ல தேடுங்க. கிடைக்கலேன்னா, வெல்டிங் ராடை எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி. புக்கோட போய் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.