பூந்தமல்லி ஓட்டும் வயோமிங் ஓட்டும்

திருமழிசையில் பஸ் ஏறி, பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குப் போய் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அமெரிக்க அதிபர் தேர்தல் பெரும்பாலும் மனப்பாடப் பகுதிதான். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் 538, ஜெயிக்க 270, பதவிக்காலம் 4 ஆண்டு. எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். விஷயம் பிடிபட வேண்டுமென்றால், சொந்தத் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது.

திருமழிசை வருவது பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியில். குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டும், ஊதா மை ஊற்றிய தனிப் பேனாவும் தருவார்கள். அவர் போடும் ஓட்டின் மதிப்பு 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம்காரருக்கு வெறும் 7. மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் இது வரும். சின்ன மாநிலம் என்று சலுகை கிடையாது.

அமெரிக்காவில் உண்டு. ஒரு மாநிலத்தின் கீழவை இடங்களையும் செனட்டர்களையும் கூட்டினால் வருவதே அதன் தேர்வாளர் எண்ணிக்கை. எத்தனை சிறிய மாநிலமானாலும் 2 செனட்டர்கள் என்பதால், வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர். போதாக்குறைக்கு, 48 மாநிலங்களில் முந்தியவருக்கே மொத்தத் தேர்வாளர்களும். 2000-ல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு முந்தி ஜார்ஜ் புஷ் அதிபரானதும், 2016-ல் நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் ஹிலாரி கிளின்டன் தோற்றதும் இப்படித்தான்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.வைக் கொறடா கட்டுப்படுத்த முடியாது. 1969-ல் வி.வி. கிரி ஜெயித்தது ‘மனசாட்சி ஓட்டில்’. அமெரிக்கத் தேர்வாளர் கட்சி மாறிப் போட்டால் மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டு மாணவர் நின்று படிக்க வேண்டிய இடம் இன்னொன்று: தொகுதி மறுவரையறை. அமெரிக்கக் கீழவையின் 435 இடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை மாநிலங்களுக்கிடையே பிரித்துக்கொடுக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால், நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது. அந்த இடத்தோடு ஒரு தேர்வாளரும் போனார். நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1967 தேர்தலில் மக்களவைக்கான நம் இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லும் கேள்வியை நான் இதுவரை எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை.