மண்டைக்குள்ளே ஒரு ‘மியூட்’ பட்டன்!

கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்புறீங்க. ஆளுயர ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல நின்னு மூணு மணி நேரம் செம ஆட்டம். லைட்டை அணைச்சுட்டுப் படுத்தா... ‘ஙொய்ய்ய்ங்ங்’! ‘உனக்குக் கேட்குதாடா?’ன்னு ரூம்மேட்டை எழுப்பினா, ‘பேசாம தூங்குடா’ம்பான். காலையில எழுந்தா சத்தம் போயிருக்கும். நீங்களும் மறந்துடுவீங்க.

ஒருவேளை போகலைன்னா? அடுத்த நாள், அடுத்த மாசம், அடுத்த பத்து வருஷம்னு அது உள்ளேயே குடியிருந்தா?

டாக்டர்கள் இதுக்கு வெச்சிருக்கிற பேர் டின்னிட்டஸ். நம்ம பாஷையில காது இரைச்சல். சிலருக்கு விசில், சிலருக்கு சில்வண்டு, சிலருக்குச் சேனல் வராத டி.வி. மாதிரி ‘உஸ்ஸ்ஸ்’. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உலகத்தில் 74 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை இருப்பதாகக் கணக்குப் போட்டது. அதில் 12 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது கடுமையான ரகம். தூக்கம் போய், வேலை போய், ‘இந்தச் சத்தத்தை நிறுத்த என்ன வேணும்னாலும் செய்யுங்க’ன்னு கெஞ்சுற நிலைமைக்கு வந்துடுறவங்களும் இதுல உண்டு.

அந்த ‘என்ன வேணும்னாலும்’ எதுவரைக்கும் போயிருக்கு தெரியுமா? மண்டை ஓட்டைத் திறந்து, மூளையில் ஒயரை வெச்சு, கரன்ட் கொடுக்குற வரைக்கும்!

காதுல இல்லை பாஸ்!

‘காதுல சத்தம் கேட்டா காதைத்தானே சரி பண்ணணும்?’னு நீங்க கேட்கலாம். அங்கேதான் ட்விஸ்ட்.

உள் காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கு. அதுக்குள்ளே சுமார் 15 ஆயிரம் மயிரிழைச் செல்கள். ஒலியை மின் சிக்னலா மாத்துறது இவங்க வேலை. பெரிய சத்தத்துலயோ வயசாலயோ இவங்க செத்துட்டா, திரும்ப முளைக்கவே மாட்டாங்க. அந்த அலைவரிசையில் மூளைக்கு வரவேண்டிய சிக்னல் குறைஞ்சு போகும்.

மூளை சும்மா இருக்குமா? ‘சிக்னல் வரலையே’ன்னு வால்யூமைத் திருகும். மைக்கைக் கழட்டிட்டு ஆம்ப்ளிஃபயரை ஃபுல்லா ஏத்திப் பாருங்க... ஒண்ணுமே இல்லாத இடத்துல ‘உஸ்ஸ்’னு ஓர் இரைச்சல் வருமே, கிட்டத்தட்ட அதேதான்! கையை இழந்தவங்களுக்கு இல்லாத கை வலிக்குமே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னும் சொல்லலாம். கட்டிக்காகக் காது நரம்பையே வெட்டி எடுத்த பிறகும் பலருக்கு இரைச்சல் நிக்கலை. கேபிளைப் பிடுங்கின பிறகும் பாட்டு ஓடுதுன்னா, பிரச்னை ஸ்டேஷன்ல இல்லை, ரேடியோவுக்குள்ளேதான்!

காதுக்குக் கரன்ட் கொடுக்குற ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. பேட்டரியைக் கண்டுபிடிச்ச வோல்ட்டா, 1800-ல் அதே பேட்டரியின் இரண்டு முனையையும் தன்னோட ரெண்டு காதுலயும் சொருகிப் பார்த்திருக்கார். மண்டைக்குள்ளே ஓர் அடி, அப்புறம் ஏதோ கெட்டியான குழம்பு கொதிக்கிற மாதிரி சத்தம். ‘இது மூளைக்கு ஆபத்தா முடியலாம்’னு அவர் மறுபடி முயற்சி பண்ணலை. புத்திசாலி மனுஷன்!

பெல்ஜியத்துல ஒரு டாக்டர்

இரு நூறு வருஷம் தள்ளி, ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வாங்க. மூளை அறுவை சிகிச்சை நிபுணர் டிர்க் டி ரிடர் கேட்டது ஒரே கேள்விதான். ‘மூளையில் ஒலியைக் கவனிக்கிற பகுதிதான் தப்பா கத்துதுன்னா, அங்கேயே கரன்ட் கொடுத்துக் குழப்பிவிட்டா என்ன?’

நேரடியா கத்தியைத் தூக்கலை. முதல்ல மண்டைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வெச்சு டிரெய்லர் பார்த்தாங்க. ஃபாரடே விதி ஞாபகம் இருக்கா? மாறுகிற காந்தப்புலம் உள்ளே மின்னோட்டத்தை உண்டாக்கும். அதுல கொஞ்ச நேரமாவது இரைச்சல் அடங்கினவங்களுக்கு மட்டும் ஆபரேஷன். மூளையின் உறைக்கு மேல எலெக்ட்ரோடு, தோலுக்கு அடியில பேட்டரி. 2004-ல் முதல் ரிப்போர்ட் வந்தது. 2011-ல் 43 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. டிரெய்லர்ல தேறினவங்கள்லயே மூணுல ஒருத்தருக்கு மெயின் பிக்சர்ல பலன் இல்லை. மத்தவங்களுக்கு ஓரளவுக்கு சத்தம் குறைஞ்சது. ஒரே சீரா துடிப்பு அனுப்பாம, விநாடிக்கு 40 தடவை, ஒவ்வொரு தடவையும் அஞ்சு துடிப்பைக் கொத்துக் கொத்தா அனுப்பினா, முதல்ல பலன் கிடைக்காத சிலருக்கும் கேட்டுச்சு. ஹார்டுவேர் அதே, மாத்தினது சிக்னலை மட்டும்!

விசில் அடிக்கத் தோணுதுல்ல? கொஞ்சம் பொறுங்க.

‘எனக்குக் குறைஞ்சிருக்கு’ன்னு நோயாளி சொல்றதுல ஒரு சிக்கல். இரைச்சலை அளக்க மீட்டர் கிடையாது, அவர் சொல்றதுதான் ரீடிங். மண்டையைத் திறந்து இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டோம்னு மனசுக்குத் தெரிஞ்சாலே, பாதி குறைஞ்ச மாதிரி தோணும். அதனால மெஷின் ஆனா, ஆஃபான்னு நோயாளிக்கும் தெரியாம, சோதிக்கிற டாக்டருக்கும் தெரியாம வெச்சுப் பார்க்கணும். 2007-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 8 பேருக்கு அப்படிப் பார்த்தாங்க. ஆனுக்கும் ஆஃபுக்கும் வித்தியாசம் நிரூபணமாகலை. 2014-ல் பிரான்ஸில் 9 பேர். அங்கேயும் அதே கதை! மில்வாக்கியில் மெஷினைத் தொடர்ந்து ஓடவிட்டப்போ ரெண்டு பேருக்கு மட்டும் இரைச்சல் நிலையா குறைஞ்சது. ஆனா, அது எல்லாருக்கும் தெரிஞ்சே நடந்த சுற்று.

தற்செயலா மாட்டின இடம்

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை சான் ஃபிரான்சிஸ்கோவுலதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் செயுங் காது டாக்டர், பால் லார்சன் மூளை சர்ஜன். பார்க்கின்சன்ஸ் மாதிரியான நடுக்க நோய்களுக்கு மூளையின் ஆழத்துல ஒயர் வைக்கிற ஆபரேஷன் அங்கே வழக்கமா நடக்கும். நோயாளி முழிச்சுக்கிட்டே இருப்பார், பேசுவார். அவங்கள்ல சிலருக்குக் காது இரைச்சலும் இருந்தது. ஒயர் போகிற வழியில் ‘காடேட்’னு ஒரு பகுதி. அங்கே நிறுத்திக் கரன்ட் கொடுத்துட்டு, ‘இப்ப சத்தம் எப்படியிருக்கு?’ன்னு கேட்டாங்க.

2010-ல் வெளியான முடிவு இது. மொத்தம் 6 பேர். ஒயர் அந்த இடத்துக்குள்ளே போன 5 பேருக்கும் ரெண்டு காதுலயும் இரைச்சல், பத்துக்கு ரெண்டு அல்லது அதுக்கும் கீழே இறங்கிடுச்சு. ஒயர் இடம் தவறின அந்த ஆறாவது ஆளுக்கு ஒரு மாற்றமும் இல்லை. இத்தனைக்கும் காடேட், ஒலியைக் கேட்கிற பகுதியே இல்லை! எந்தச் சத்தத்தை மனசுக்குள்ளே விடுறது, எதைத் தடுக்கிறதுன்னு பார்க்கிற வாட்ச்மேன் மாதிரி அது இருக்கலாம்னு அவங்க நினைக்கிறாங்க.

அடுத்து, இரைச்சலுக்காகவே அங்கே ஒயர் வெச்ச முதல்கட்டச் சோதனை 2019-ல் வெளியானது. முழுசா முடிச்சவங்க 5 பேர். அதில் பெரும்பாலானவங்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆனா நம்ம லேப் பேட்ச்சுலயே இதைவிட அதிகம் பேர் இருப்போம்! அஞ்சு பேரை வெச்சு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. அந்த டாக்டர்களும் சொல்லலை.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்த ஆபரேஷனில் நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு மூளைக்குள்ளே ரத்தக்கசிவு வரலாம். கையில டீ டம்ளரைப் பிடிக்க முடியாத பார்க்கின்சன்ஸ் நோயாளி அந்த ரிஸ்க்கை எடுத்தா, வீட்டுல யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. வெளியே பார்த்தா கல்லு மாதிரி இருக்கிற ஒருத்தர், யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்துக்காக அதே பேப்பர்ல கையெழுத்துப் போடணும்னா? ‘காது கொய்ங்ங்குதுன்னு மூளையைத் திறக்கிறியா?’ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. அந்தக் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிட்டுத்தான் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே போகணும். எனக்கு அது சாதாரண தைரியமா தெரியலை.

கத்தி இல்லாம?

அந்த டிரெய்லர் காந்தச் சுருளையே சிகிச்சையா கொடுத்தும் பார்த்தாச்சு. 2015-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் நிஜ சிகிச்சை வாங்கின 32 பேரில் 18 பேருக்குப் பலன், பொய் சிகிச்சை வாங்கின 32 பேரில் 7 பேருக்குத்தான். சூப்பர்! ஆனா 2017-ல் ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செஞ்ச சோதனையில் நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசமே தெரியலை. எலிகளின் கழுத்து நரம்பைத் தூண்டிக்கிட்டே குறிப்பிட்ட ஒலிகளைக் கேட்கவெச்சு, இரைச்சலுக்கான அறிகுறியையே அழிச்ச டெக்ஸாஸ் ஆய்வு ஒண்ணு 2011-ல் வந்தது. அதைச் செஞ்சவர் பேரு நவ்சர் இன்ஜினீயர். ஆமாங்க, இனிஷியல் பேரே இன்ஜினீயர்தான், நமக்கெல்லாம் அரியர் முடிச்சாத்தான் அந்தப் பேரு!

இப்போதைக்குக் கடைக்கு வந்தது, நாக்கு வழியா வர்ற ரூட். காதுல ஒலி, அதே சமயம் நாக்குல மெல்லிய மின்துடிப்பு. அயர்லாந்து கம்பெனியின் ‘லெனைர்’ என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்க அரசு 2023 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. மூளைக்குள்ளே ஒயர் வைக்கிறது இன்னமும் ஆராய்ச்சிதான். நல்லா நிரூபணமான வழின்னா, ‘சி.பி.டி.’ங்கிற மனப்பயிற்சி. சத்தத்தை அது குறைக்காது, அது கொடுக்கிற சித்ரவதையைக் குறைக்கும். காது மந்தமும் கூட இருந்தா, ஹியரிங் எய்டு உதவும்.

எலெக்ட்ரானிக்ஸ் மக்கா, உங்களுக்குத் தனியா ஒண்ணு. ஒன்பது வோல்ட் பேட்டரி, ரெண்டு ஸ்பாஞ்ச், கொஞ்சம் உப்புத் தண்ணினு நெத்தியில ஒட்டிக்கிட்டு ‘நானே டாக்டர்’னு கிளம்பாதீங்க. தோல் வெந்து போகும். கரன்ட் மூளையில் எங்கே போகுதுன்னும் உங்களுக்குத் தெரியாது.

இயர்போன் பார்ட்டிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் ஓகே. 90 ஆச்சுன்னா நாலே மணி நேரம்தான்! திடீர்னு ஒரு காது மட்டும் கேட்காமப் போய், கூடவே இரைச்சலும் வந்தா, ‘செமஸ்டர் முடியட்டும்’னு தள்ளிப்போடாதீங்க. அன்னைக்கே இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. அதுக்கான ஸ்டீராய்டு மருந்து, முதல் ரெண்டு வாரத்துக்குள்ளே ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும்.