ஒரே தொட்டியில் ஆரலும் ஆப்பிரிக்க மீனும்!

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பளபளக்கும் ஆப்பிரிக்க மீன்களுக்கு நடுவே, பாம்பு போல நெளியும் ஆரல் மீனையும் விட்டால் எப்படி இருக்கும்?

விடலாம். ஆனால் மிகுந்த கவனம் வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் ஆரல் மெலிந்து செத்துப் போகும்.

முதுகில் முள்!

ஆரல் நம் ஆறு, குளங்களில் பிடிபடும் மீன்தான். பார்ப்பதற்கு விலாங்கு மாதிரி இருக்கும். ஆனால் விலாங்கு அல்ல. அதன் முதுகில் சிறு முட்கள் வரிசையாக உண்டு. கையால் பிடித்தால் குத்தும். பகலில் மணலுக்குள் புதைந்து, நீண்ட மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். இருட்டிய பிறகே இரை தேடி வரும். புழு, பூச்சி, சிறு மீன் ஆகியவை அதன் உணவு.

ஜிலேபியின் உறவு

ஆப்பிரிக்க வண்ண மீன்கள் "சிக்லிட்" என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் புதிதாகத் தோன்றலாம். சந்தையில் விற்கும் ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான்! ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

தொட்டியில் வளர்க்கும் சிக்லிட்டுகள் பல, மலாவி, தங்கனீக்கா என்ற ஏரிகளில் வாழும் இனங்கள். நிறம் கண்ணைப் பறிக்கும். குணமோ பொல்லாதது! ஒரு கல்லைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டு, கிட்டே வரும் மீனை விரட்டி விரட்டிக் கடிக்கும்.

இயற்கை சொல்லும் வழி

இப்படிப்பட்ட சண்டைக்காரனோடு சாதுவான ஆரல் வாழ முடியுமா? தங்கனீக்கா ஏரியில் வாழ்கிறதே! சுமார் 670 கிலோமீட்டர் நீளமும், 1,470 மீட்டர் ஆழமும் கொண்ட பெரிய ஏரி அது. சிக்லிட்டுகள் நிறைந்த அந்த ஏரியில் பத்துக்கு மேற்பட்ட ஆரல் இனங்களும் இருக்கின்றன. பாறை இடுக்குகளே அவற்றுக்குக் கோட்டை.

தொட்டியிலும் அப்படிச் செய்ய வேண்டும். கற்களை அடுக்கி இடுக்குகள் அமைக்கலாம். சிறு குழாய்த் துண்டுகளும் போடலாம். கல் சரியாதபடி தொட்டியின் அடியிலேயே ஊன்றி வைத்து, பிறகு மணல் கொட்டவேண்டும். மணல் நைசாக இருக்கட்டும். கூரான சரளைக்கல் ஆரலின் தோலைக் கிழித்துவிடும்.

தண்ணீர் எப்படி?

அந்த ஏரிகளின் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உடையது. கடைகளில் கிடைக்கும் ஆரல்களில் பெரும்பாலானவை ஆசிய இனங்கள். அவற்றுக்கு மென்மையான தண்ணீரே பிடிக்கும். திடீரென்று தண்ணீரை மாற்றினால் தாங்காது. ஆப்பிரிக்க ஏரியின் ஆரல் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடியைவிடப் பசி கொடியது

ஆரலுக்குப் பெரிய ஆபத்து கடி அல்ல, பசிதான்! தீனி போட்டதும் சிக்லிட்டுகள் பாய்ந்து வந்து நொடியில் தின்று தீர்த்துவிடும். மணலுக்குள் கிடக்கும் ஆரலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே, இரவில் விளக்கை அணைத்த பிறகு ஆரலுக்குத் தனியாகப் புழு போடவேண்டும். அதன் இடுக்கின் அருகிலேயே போடுவது நல்லது. மலாவி ஏரியின் பாறைச் சிக்லிட்டுகள் பல, பாசி தின்பவை. புழுவை அதிகம் தின்றால் அவற்றுக்கு வயிறு உப்பி நோய் வரும். ஆரலின் தீனி அவற்றின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். சிறு சந்து கிடைத்தாலும் ஆரல் நழுவி வெளியே விழுந்துவிடும்.

செம்பு கலந்த மீன் மருந்து ஆரலுக்கு ஆகாது.

வாங்கும்போதே எவ்வளவு நீளம் வளரும் என்று கேளுங்கள். சில இனங்கள் மூன்றடி வரை வளரும். வளர்ந்த ஆரல், வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும்.

இரவில் தீனி போட நேரம் இல்லாதவர்கள் ஆரலைத் தனித் தொட்டியில் வளர்ப்பதே மேல். அதுவும் பிழைக்கும், பார்ப்பவர்களுக்கும் மகிழ்ச்சி!