சிக்கலாரைப் படைத்த பாட்டுக்காரர்

நாகைப் பக்கம் இருக்கிறது சிக்கல். 'தில்லானா மோகனாம்பாள்' கதையின் நாயகன் சண்முகசுந்தரத்தின் ஊர். அந்தக் கதையை எழுதிய 'கலைமணி' வேறு யாருமல்ல, 1910இல் பிறந்த கொத்தமங்கலம் சுப்புதான். ஜெமினி ஸ்டூடியோவில் நடித்தார், பாட்டெழுதினார்; 1953இல் 'ஔவையார்' படத்தை இயக்கினார். ஆனாலும் அவருடைய உயிர் நாட்டுப்பாட்டில்தான் இருந்தது! காந்தியடிகளின் வாழ்க்கையை 'காந்தி மகான் கதை' என்று வில்லுப்பாட்டாக எழுதி, தாமே மேடையேறிப் பாடினார். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் கேட்டவுடன் புரிகிற கிராமத்துத் தமிழ். படித்தவர் எழுதிய எத்தனையோ சரித்திரங்கள் போகாத இடத்துக்கு அந்த வில்லின் மணியோசை போனது. 1971இல் பத்மஸ்ரீ பெற்றார், 1974இல் மறைந்தார். அந்தக் கதைப்பாட்டு நூலாகவும் வந்திருக்கிறது. கிடைத்தால், பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.