மூன்றாம் நாள் நின்ற போன்

ஆனி பிறந்துவிட்டால் ஆய்க்குடியிலிருந்து பார்க்கையில் மேற்கே மலை தெரியாது. குற்றாலம் பக்கம் முழுக்க வெள்ளையாக மூடிக்கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் சாரல் காற்றோடு வந்து முகத்தில் பொடியாக விழும். சீசன் நன்றாக இருக்கிறது என்று ஊரே சந்தோஷப்படும் அந்த நாட்களில், தென்காசி வட்டாரத்து செல்போன் சர்வீஸ் கடைகளில் இன்னொரு சீசனும் நடக்கிறது. தண்ணி குடித்த செட்டுகளின் சீசன்.

ஒரு சாரல் காலத்தில் என் போனும் அந்த வரிசையில் சேர்ந்தது. குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க இறங்கியபோது பையிலேயே இருந்துவிட்டது. ஐந்து நிமிடம் இருக்கும். பதறிப்போய் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். திரை எரிந்தது, அழைப்பு போனது, படம்கூட எடுத்தேன். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற செட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியானேன். இரண்டு நாள் வேலையும் செய்தது. மூன்றாம் நாள் காலை சார்ஜரிலிருந்து எடுத்தபோது கல்லாகக் கிடந்தது.

அத்தைக்குத் தீர்ப்பு சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “ஏல, அந்தக் கம்பெனியே சரியில்ல. எங்க செட்டப் பாரு, ஏழு வருசமா உழைக்குல்லா? நீயும் இதையே வாங்கு.”

அந்தப் பேச்சு நெடுநாள் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு போன் ஏன் சாகிறது என்பது ஒரு கதை. நாம் ஒரு கம்பெனியை ஏன் நம்புகிறோம் என்பது இன்னொரு கதை. இரண்டையும் அத்தை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டார். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். போன் பெட்டியில் ஐபி68 என்று போட்டிருந்தால், 6 தூசிக்கான மதிப்பெண், 8 நீருக்கானது. நீருக்கு 7 வாங்கிய போன் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறது என்று பொருள். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை; ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே அறிவிப்பார். பல போன்களுக்கு அது ஒன்றரை மீட்டர். சோதனை நடப்பது புத்தம்புதுப் போனில், அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில்.

அருவித் தண்ணீர் நிற்காது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் நம் தோளைத் தொடும்போது நொடிக்குப் பத்து மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் பிடித்திருக்கும். அது ஒரு பரப்பில் நேராக மோதி நிற்கையில் எழும் அழுத்தம், குளத்தில் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறதோ அத்தனை மீட்டர் ஆழம். காற்றின் தடையை மட்டும் தள்ளிவிட்டால் கணக்கு இவ்வளவுதான். இதைப் போட்டுப் பார்த்த அன்று, சிறுவயதிலிருந்து தலைகொடுத்துக் குளித்த அருவியே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. குற்றாலப் பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். மேலிருந்து வரும் நீர் முதலில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு வழிவதால்தான் கீழே மனிதர்கள் நிற்க முடிகிறது. மனிதத் தோள் தாங்கும் அந்த அடியைப் போனின் விளிம்பில் ஓடும் பசை தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. பீய்ச்சி அடிக்கும் நீருக்கான சோதனை 5, 6 என்ற எண்களில் தனியாக இருக்கிறது. 8 வாங்கிய போன் அவற்றிலும் தேறியிருக்க வேண்டும் என்று தரநிலை கேட்பதில்லை.

வெயிலில் வந்த போன் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பையில் சூடாக, 45 டிகிரியில் இருந்த செட்டு, 25 டிகிரி தண்ணீருக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்கும். அதன் அழுத்தம் ஆறு சதவீதத்துக்கு மேல் குறையும். வெளியிலிருக்கும் நீரை அது இழுக்கும் இழுப்பு, கூடுதலாக அறுபது சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் அமிழ்த்தியதற்குச் சமம்.

சரி, நீர் புகுந்துவிட்டது. அன்றைக்கே ஏன் சாகவில்லை? சர்வீஸ் கடைக்காரர் என் போனைத் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்மூடியைச் சூடாக்கி, ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்து, விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி ஒரு சுற்று ஓட்டினார். பசை நூல்நூலாகப் பிரிந்தது. உள்ளே ஓர் ஓரத்தில் இருந்த வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தது. நீர் பட்டால் நிறம் மாறுவதற்காகவே கம்பெனி ஒட்டி அனுப்புவது அது. பிறகு போர்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, “பாருங்க அண்ணாச்சி” என்றார்.

சார்ஜிங் பின் பக்கத்தில் வெளிர்பச்சையாகப் பூத்திருந்தது. பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. அதற்குச் சற்று மேலே, கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு உலோகக் கால்களுக்கு நடுவில், ஒரு குட்டிப் பெரணிச் செடிபோலக் கிளைகிளையாக ஏதோ வளர்ந்திருந்தது. அப்படி வளர்ந்தது உலோகம். நீரில் கரைந்த உப்பும் வியர்வையும் மின்சாரத்துக்கு வழி விடுகின்றன. பேட்டரியின் நான்கு வோல்ட் அழுத்தத்தில், நேர் மின்பக்கத்திலிருந்து செம்பும் வெள்ளீயமும் அணு அணுவாகக் கரைந்து, நீரில் நீந்தி, எதிர்ப்பக்கத்தில் போய்ப் படிகின்றன. படிந்த இடத்திலிருந்து கிளை விடுகின்றன. கிளை வளர்ந்து மறுகரையைத் தொடும் நொடியில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. போன் அப்போதுதான் சாகிறது. இரண்டு நாள் அது நலமாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தச் செடி வளர்ந்துகொண்டிருந்தது.

“அன்னைக்கே ஆஃப் பண்ணிக் கொண்டாந்திருந்தா பிழைச்சிருக்கும். சார்ஜ் போட்டீங்க பாத்தீங்களா, அதுதான்” என்றார். அரிசிப் பானையில் புதைத்து வைத்ததையும் சொன்னேன். அரிசி வெளியிலிருக்கிறது, நீர் உள்ளே பூட்டியிருக்கிறது. காற்றோட்டமாக வைப்பதைவிட அரிசி ஒன்றும் அதிகம் செய்வதில்லை. தூள் உள்ளே போகும் என்பதால் அரிசியில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் பயனர்களுக்கு எழுதியிருக்கிறது.

பசை, உப்பு, நான்கு வோல்ட். இந்த மூன்றும் எல்லாக் கம்பெனி போனிலும் உண்டு. அப்படியிருக்க அத்தையின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

நம் பக்கத்தில் அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய பெயர் நோக்கியா. 2003-இல் வந்த நோக்கியா 1100, உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, தலையில் டார்ச் விளக்கு, 86 கிராம் எடை. கீழே விழுந்தால் மூடி ஒருபுறம், பேட்டரி ஒருபுறம் தெறிக்கும். விழுந்த வேகத்தின் பெரும்பங்கை அவை கொண்டுபோய்விடும். பொறுக்கிச் சேர்த்தால் மறுபடி பேசும். இன்றைய போன் ஏறக்குறைய 200 கிராம். அதே உயரத்திலிருந்து விழுந்தால் இருமடங்குக்கு மேல் அடி, அதை வாங்குவது முகம் முழுக்கக் கண்ணாடி. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபின் அது நம் பிள்ளைகள் கையால் பூட்டிய போனும் ஆயிற்று. 2014 நவம்பரில் ஆலை மூடிய பிறகும், ‘நோக்கியா மாதிரி வராது’ என்ற பேச்சு மூடவில்லை.

ஆனால் அந்த நோக்கியாவின் பேட்டரிதான் 2007 ஆகஸ்டில் உலகையே பயமுறுத்தியது. பிஎல்-5சி என்ற வகையில், ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அதிகம் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. அதுவரை தெரிந்த சம்பவங்கள் ஏறத்தாழ நூறு. இந்தியாவில் மக்கள் பேட்டரியைக் கழற்றி, பின்னாலிருக்கும் 26 எழுத்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு திரிந்தார்கள். அதே வகைப் பேட்டரியை வேறு பல ஆலைகளும் நோக்கியாவுக்குச் செய்து கொடுத்தன, அவற்றில் குறையில்லை. மேலே ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே செய்த கைகள் பல.

2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. முதலில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள். வேறு ஆலையின் பேட்டரி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவையும் எரிந்தன. இரண்டு லட்சம் போன்களையும் முப்பதாயிரம் பேட்டரிகளையும் சோதித்துவிட்டு, 2017 ஜனவரியில் காரணம் சொன்னார்கள். ஓர் ஆலையின் பேட்டரியில் இடம் போதாமல் மேல்மூலையில் மின்வாய்த் தகடு மடங்கியிருந்தது. இன்னோர் ஆலையின் பேட்டரியில் பற்றவைத்த இடத்தில் துருத்திய உலோகப் பிசிர், நேர்த் தகட்டையும் எதிர்த் தகட்டையும் பிரித்து வைக்கும் திரையைக் குத்தியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய திரை அது. ஒரே போன், இரண்டு ஆலை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறை. அந்தப் போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. ஆனாலும் 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், பழைய நோட் 2 ஒன்று மேல்பெட்டியில் புகைந்து, ஊழியர்கள் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகு அடுத்த ஆண்டு சாம்சங்கின் எஸ்8 நன்றாகவே விற்றது. இதை மக்களின் மறதி என்று நான் நினைக்கவில்லை. தவறே நேராத கடையைவிட, நேர்ந்த தவறை மனதார ஈடுசெய்த கடைமீது சிலசமயம் ஒட்டுதல் கூடுகிறது. 1992-இல் மெக்கல்லோ, பரத்வாஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ‘சேவை மீட்பு முரண்’ என்று பெயர் வைத்தார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் நடக்கும்போது அதன் பிடி வலுவானது.

இப்போது அத்தையின் ஏழு வருடத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குக்காக இரண்டு கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். ஒன்றில் முதல் ஆண்டில் நூற்றுக்கு மூன்று போன் கெடுகிறது, மற்றதில் நூற்றுக்கு ஆறு. இரண்டாவது இருமடங்கு மோசம். ஆனால் அந்த மோசமான கம்பெனியை வாங்கியவர்களில் 94 பேர் ‘அருமையான செட்டு’ என்றுதான் சொல்வார்கள், அதுவும் சத்தியமாகவே. நல்ல கம்பெனியை வாங்கிய மூன்று பேர் வாழ்நாள் முழுக்க அதைத் திட்டுவார்கள். ஒரு தெருவில் பத்து வீட்டில் மோசமான செட்டே இருக்கட்டும். அந்த ஆண்டில் பத்தில் ஒன்றுகூடக் கெடாமல் இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். இரண்டு கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு கம்பெனியிலும் 750 போன்களையாவது ஓர் ஆண்டு கவனிக்க வேண்டும். ஊரில் அத்தனை போன்களைக் கவனித்த யாரும் இல்லை. நம் எல்லோர் கையிலும் இருப்பது ஒன்று, இரண்டு. கொஞ்சத்தைப் பார்த்து மொத்தமும் அப்படித்தான் என்று நம்பும் இந்தப் பழக்கத்துக்கு, ‘சிறு எண்களின் விதி’ என்று 1971-இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் பெயர் கொடுத்தார்கள். புள்ளியியல் தெரிந்த ஆய்வாளர்களே அதில் விழுவதையும் காட்டினார்கள்.

இது வெறும் தெருப்பேச்சு விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் எங்கள் ஆய்க்குடியில்தான் இருக்கிறது. வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்கே அதன் களப்பணியாளர்கள் போகிறார்கள். குழந்தை கழுத்து நின்றதா, பிடித்துக்கொண்டு நடந்ததா என்று கைக்கருவியில் ஒரு செயலி வழியாகப் பதிகிறார்கள். வேறிடத்தில் இருக்கும் சிகிச்சை நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். சாரலில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகும் அந்தக் கையில் இருப்பதும் இதே பசையும் இதே பேட்டரியும்தான். போன் என்பது அங்கே பொழுதுபோக்குச் சாமான் இல்லை. எந்தச் செட்டு எத்தனை நாள் உழைக்கும் என்று எண்ணித் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களில் ஒரு சீட்டு இருந்தாக வேண்டும். பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்றுக்குத் தாங்கும், கீழே விழுந்தால் என்ன தரம், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று அதில் எழுத்திலும் எண்ணிலும் இருக்கும். 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒரு சீட்டு தென்காசிக் கடைகளிலும் தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

கிளம்பும்முன் அந்தக் கடைக்காரரிடம், எந்தக் கம்பெனி செட்டு அதிகம் வருகிறது என்று கேட்டேன். “எது அதிகம் விக்கோ அதுதான் அண்ணாச்சி அதிகம் வரும்” என்றார். புள்ளியியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய வாக்கியம். பிறகு தன் நீள நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, செட்டு, குறை, தொகை. ஆனி, ஆடிப் பக்கங்களில் செட்டு என்ற இடத்தில் பெயர்கள் மாறிமாறி வந்தன. குறை என்ற இடத்தில் மேலே ஒரு தடவை ‘தண்ணி’ என்று எழுதி, அதற்குக் கீழே அதேதான் என்பதற்காக வரிக்கு வரி இரட்டைக் கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தார். என் செட்டு கடைசி வரியில் இருந்தது. அதற்கும் இரட்டைக் கோடுதான்.