ஒரே மென்பொருள், பல இயங்குதளங்கள்: ஒரு நிபந்தனை நீங்கியதால் வந்த ஆபத்து

ஒரே மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் என எல்லாவற்றிலும் இயங்குகிறது. பயன்படுத்துவோருக்கு அதில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் கோப்பைத் திறப்பது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, நடந்ததைப் பதிவு செய்வது போன்ற வேலைகளை ஒவ்வோர் இயங்குதளமும் தன் வழியில்தான் செய்கிறது. இந்த வேறுபாடுகளுக்கான நிரல் வரிகளை எங்கே வைப்பது? இதற்கான விடையில் கணினியின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது.

ஓபன்எஸ்எஸ்எச் என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் இது பயன்படுகிறது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 1999-இல் இதை வெளியிட்டனர்.

இரண்டு குழுக்கள்

மூல நிரல் ஓபன்பிஎஸ்டிக்காக மட்டுமே எழுதப்படுகிறது. அதனால் அது எளிமையாகவும் படித்துச் சரிபார்க்க ஏற்றதாகவும் இருக்கிறது. லினக்ஸ் போன்ற மற்ற தளங்களுக்கு அதைப் பொருத்தும் வேலையை வேறொரு குழு கவனிக்கிறது. அந்தப் பதிப்புகளின் எண்ணில் ‘பி’ என்ற எழுத்து இருக்கும், 9.8பி1 என்பதுபோல.

ஓபன்பிஎஸ்டியில் இருக்கும் சில வசதிகள் மற்ற தளங்களில் இருப்பதில்லை. அவற்றுக்கான மாற்று நிரல்கள் தனிக் கோப்புறை ஒன்றில் வைக்கப்பட்டுள்ளன. மென்பொருளை உருவாக்கும் முன் ஒரு சோதனை நிரல் அந்தக் கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று பார்க்கிறது. இல்லாதவற்றை அந்தக் கோப்புறை ஈடுகட்டுகிறது. மூல நிரலில் பெரிதாகக் கை வைக்க வேண்டியதில்லை.

பிரிக்க முடியாத இடங்கள்

ஆனால் எல்லாவற்றையும் இப்படி ஒதுக்கி வைக்க முடியாது. சில இடங்களில் மூல நிரலுக்குள்ளேயே நிபந்தனை இட வேண்டியிருக்கிறது.

ஒருவர் குறித்த நேரத்துக்குள் உள்நுழையாவிட்டால் ஓபன்எஸ்எஸ்எச் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த அவசர நொடியில் பதிவு எழுதுவது ஓபன்பிஎஸ்டியில் பாதுகாப்பானது. லினக்சில் அப்படி அல்ல. எனவே, “இந்தத் தளத்தில் பாதுகாப்பு என்றால் மட்டும் எழுது” என்ற நிபந்தனை நிரலில் இருந்தது. 2006-இல் கண்டறியப்பட்ட ஓர் ஓட்டையை அடைத்திருந்ததும் அதுதான்.

2020-இல் பதிவு எழுதும் பகுதியைத் திருத்தி அமைத்தபோது அந்த நிபந்தனை தவறுதலாக நீங்கிவிட்டது. ஓபன்பிஎஸ்டிக்குப் பாதிப்பில்லை. லினக்ஸ் சர்வர்களிலோ பழைய ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது. 2021-இல் வந்த 8.5பி1 பதிப்பு முதல் இந்த ஆபத்து இருந்தது. கடவுச்சொல் தெரியாத ஒருவர்கூட சர்வரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் இதை அறிவித்தது, 9.8பி1 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது.

மாணவர்களுக்கு ஒரு பாடம்

கணினித் துறையில் பயிலும் பிள்ளைகள் இதில் மூன்றைக் கவனிக்கலாம். தளத்துக்குரிய வரிகளை முடிந்தவரை தனியிடத்தில் வைக்க வேண்டும். “இது எந்தத் தளம்?” என்று கேட்பதைவிட, “இந்த வசதி இங்கே உண்டா?” என்று கேட்கும் நிபந்தனை நல்லது. தவிர்க்க முடியாத நிபந்தனைக்குப் பக்கத்திலேயே அதன் காரணத்தை எழுதி வைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாத் தளங்களிலும் சோதிக்க வேண்டும்.

சர்வர்களைப் பராமரிப்போர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதிப்பு எண்ணைப் பார்த்து, பழையது என்றால் உடனே புதுப்பிக்க வேண்டும்.