ரோபோட்டிக் முழங்கால் மூட்டு மாற்று: ரோபோ என்ன செய்யும், நாம என்ன செய்யணும்?

"அப்போ ரோபோவா ஆபரேஷன் பண்ணும்?" அம்மாவுக்கு மூட்டு மாற்றணும் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. அடுத்த கேள்வி, "அதுக்குத் தனியா எவ்வளவு ஆகும்?" கடன் வாங்கியோ நகையை வைத்தோ பணம் கட்டும் முன், அந்தக் கூடுதல் தொகை எதற்கு என்று தெரிந்துகொள்வோம்.

அறுப்பது யார்?

பெரும்பாலும் டாக்டர்தான். குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுவதுதான் மூட்டுத் தேய்மானம். தேய்ந்த முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, மேலும் கீழும் உலோகம், நடுவில் உறுதியான பிளாஸ்டிக் எனச் செயற்கை மூட்டைப் பொருத்துவார்கள். எந்தக் கோணத்தில் சீவுவது என்பதில்தான் ரோபோ உதவுகிறது.

'மாகோ' கருவி என்றால், முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து உங்கள் முழங்காலின் முப்பரிமாண மாதிரியை உருவாக்குவார்கள். ஆபரேஷனின்போது எலும்பில் பொருத்திய சிறிய பின்களை வைத்து, காலின் அசைவை கேமரா கவனிக்கும். ரம்பத்தைப் பிடித்திருப்பது டாக்டரின் கை. திட்டமிட்ட எல்லையைத் தாண்டப் போனால் ரோபோ கை தடுத்துவிடும். ஸ்கேன் தேவைப்படாத கருவிகளும் உண்டு.

சின்ன ஓட்டை போட்டால் போதுமா?

போதாது. பித்தப்பை ஆபரேஷன் மாதிரி துளை வழியாக இதை முடிக்க முடியாது. செயற்கை மூட்டு உள்ளே போக வழி வேண்டுமே! 'குறைந்த ஊடுருவல்' என்றால் வெட்டு கொஞ்சம் சிறியது, தசையைக் குறைவாக அறுப்பார்கள் என்று அர்த்தம். தழும்பு இருக்கும்.

பலன் உண்மையா?

மூட்டைத் திட்டமிட்ட கோணத்தில் பொருத்தும் துல்லியம் கூடுகிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால், நீண்ட காலத்தில் நோயாளிக்கு என்ன வித்தியாசம்? தென் கொரியாவில் 1,400-க்கும் மேற்பட்டோரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. சராசரியாக 13 ஆண்டுகள் கழித்தும் வலியிலோ, செயல்பாட்டிலோ, மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதில் பயன்படுத்தியது பழைய தலைமுறைக் கருவி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வழக்கமான முறையும் மோசமில்லை. முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்கும் என்று 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

செலவு

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்தது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆனால், அந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். ரோபோ கட்டணம், அறை வாடகை எல்லாம் வேறு. அதனால் பில்லைப் பிரித்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரோபோவின் வேலை ஆபரேஷன் தியேட்டரோடு முடிந்தது. இனி நம்ம வேலை.

* அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். பயப்படாதீர்கள், அதுவும் சிகிச்சைதான்.
* முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமா இருக்கும், ஆனா கால் முழுசா நீளாமல் போய்விடும்.
* வலிக்குதே என்று பிசியோதெரபியை விட்டால் மூட்டு இறுகிவிடும். மாத்திரை போட்டு வலி அடங்கும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள்.
* வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத தரை, உயரமான நாற்காலி: இவற்றை முன்பே தயார் செய்யுங்கள்.
* வீக்கம் முழுதாக வடிந்து இயல்பாக நடக்க 3 முதல் 6 மாதம் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

கெண்டைக்காலில் திடீர் வலி, வீக்கம், காயத்தில் கசிவு, காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

இப்போதே ஆபரேஷன் அவசியமா? என் முழங்காலுக்கு ரோபோ ஏன் தேவை? இந்த முறையில் நீங்கள் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்? பிசியோதெரபி செலவு பில்லில் சேர்ந்திருக்கிறதா?

கையில் இருப்பது அளவான பணம் என்றால், அனுபவமுள்ள டாக்டருக்கும் மூன்று மாத பிசியோதெரபிக்கும் முதலில் ஒதுக்குங்கள். ரோபோ அதற்கு அப்புறம்தான்.